காடும் கஞ்சியும்

(சின்ன காஞ்சிபுரத்தில் தோழர்கள் நடத்திய அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பட்டு நெய்யும் ஊரில் நின்றுகொண்டு காட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தறிச்சத்தம் கேட்கும் தெருவில் யானைப் பிளிறலைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். நூல் விலை ஏறுகிறது, சரிகை விலை ஏறுகிறது, கூலி மட்டும் ஏற மறுக்கிறது. இந்த வேளையில் காட்டுக்கும் நமக்கும் என்ன உறவு என்று கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை கூறிவிட்டே மேலே செல்கிறேன்.

2019-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தொடங்கி ஆகஸ்ட் 17 வரை, இந்தச் சின்ன காஞ்சிபுரம் கண்ட கூட்டத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வரதராசப் பெருமாள் கோயில் குளத்திலிருந்து எடுத்து வைக்கப்பட்ட அத்திவரதரைக் காண நாடே திரண்டது. கும்பிடுவோர் கும்பிட்டனர்; கும்பிடாதோர் கூட்டத்தைக் கண்டு வியந்தனர். நான் நினைத்துப் பார்ப்பது வேறொன்று. அந்த உருவம் அத்திமரத்தால் ஆனது. அந்த மரமும் ஒரு நாள் ஏதோ ஒரு மண்ணில் வேரூன்றி, மழை குடித்து, பறவைக்குப் பழம் கொடுத்து நின்ற மரந்தான். வெட்டிச் செதுக்கிய மரத்தைக் காண மைல் கணக்கில் வரிசை. வெட்டப்படாமல் நிற்கும் மரத்தைக் காப்பவனைக் காண நாதியில்லை!

அது போகட்டும். உங்கள் பட்டைச் சாயமேற்றத் தண்ணீர் வேண்டும். பசை நீக்கத் தண்ணீர் வேண்டும். உலை வைக்கத் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஓரிக்கைப் பக்கம் பாலாற்று மணலைத் தோண்டி எடுக்கிறோம். மேற்கே ஜவ்வாது மலை நிற்கிறதே, அதன் ஒரு புறத்துச் சரிவில் விழும் மழை ஓடைகளாகிப் பாலாற்றைச் சேர்கிறது. மறு புறத்தில் பிறக்கும் செய்யாறு, செங்கம் வழியே நடந்து, திருமுக்கூடலில் பாலாற்றோடும் வேகவதியோடும் கைகோக்கிறது. மலைமேல் காடு இருந்தால் மழை மண்ணுக்குள் இறங்கி, ஊற்றாகி, மாதக்கணக்கில் கசிந்து வரும். காடு மொட்டையானால் ஒரே நாளில் வெள்ளமாய் ஓடி, மறுநாள் வெறும் மணலாய்க் கிடக்கும். ஆகவே, ஜவ்வாது மலையில் விழும் கோடரியின் ஓசை, காஞ்சியின் சாயப் பட்டறையில் எதிரொலிக்கும். உறவு இருக்கிறது, தோழர்களே. அதை நாம் உணராதிருக்கிறோம்.

சரி, காடு வேண்டும் என்று ஒப்புக்கொண்டோம். அடுத்த கேள்வி உடனே எழுகிறது. காட்டை நம்பிக் கஞ்சி குடிப்பவன் இருக்கிறானே, அவனை என்ன செய்வது? தேனெடுப்பவன், கடுக்காய் பொறுக்குபவன், புளி உலுக்குபவன், சுள்ளி சுமப்பவள், சாமை விதைப்பவன், இவர்களை என்ன செய்வது?

இரண்டு விடைகளை இரண்டு தரப்பார் நமக்குத் தருகிறார்கள். காடு பிழைக்க வேண்டுமானால் இவர்கள் வெளியேற வேண்டும் என்கிறார் ஒருவர். இவர்கள் பிழைக்க வேண்டுமானால் காடு கொஞ்சம் அழியத்தான் செய்யும் என்கிறார் மற்றொருவர். முன்னவர் கையில் வரைபடம். பின்னவர் கையில் வாக்காளர் பட்டியல். இருவரும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள். காட்டையும் கஞ்சியையும் தராசின் இரு தட்டுகளில் வைத்து, ஒன்று ஏறினால் மற்றொன்று இறங்கும் என்று கருதுகிறார்கள். உண்மை அதுவன்று என்பதை எடுத்துக்காட்டவே இந்த உரை.

பழந்தமிழர் நிலத்தை வகுத்த முறையை எண்ணிப் பாருங்கள். மலையைக் குறிஞ்சி என்றனர். காட்டை முல்லை என்றனர். அந்தந்த நிலத்துக்குரியவை இவை என்று தொல்காப்பியர் கருப்பொருளை எண்ணும்போது, மரத்தையும் விலங்கையும் பறவையையும் சொன்ன அதே மூச்சில் உணவையும் தொழிலையும் பறையையும் சொன்னார். மனிதனை வெளியே நிறுத்திவிட்டுக் காட்டை எண்ணும் பழக்கம் நம் இலக்கணத்தில் இல்லை. அது பின்னர் வந்தது. எப்போது வந்தது?

1882-இல் வந்தது. அவ்வாண்டுதான் வெள்ளைத் துரைத்தனம் சென்னை வனச் சட்டத்தை இயற்றியது. கப்பலுக்கு மரம், இருப்புப் பாதைக்குக் கட்டை, கஜானாவுக்குக் காசு. இவற்றுக்காகக் காட்டைச் சுற்றி ஒரு கோடு கிழித்தனர். உரிமை உள்ளவர்கள் குறித்த கெடுவுக்குள் வந்து மனுச் செய்யலாம் என்றனர். எழுத்தறியாத மலைமகன், அரசாங்க இதழைப் படித்து, அதிகாரியைத் தேடி வந்து, தன் பாட்டன் தேனெடுத்த பாறைக்குச் சான்று காட்ட வேண்டுமாம்! காட்டினானா? காட்ட இயலவில்லை. கெடு முடிந்தது, உரிமையும் முடிந்தது. நேற்றுவரை குடிமகன், இன்று முதல் குற்றவாளி. வெள்ளையன் போனான், கோடு போகவில்லை.

கோடு கிழித்ததால் காடாவது பிழைத்ததா? சந்தனத்தின் கதையைக் கேளுங்கள். ஜவ்வாது மலை சந்தனத்துக்குப் பேர்போன மலை. மலையடிவாரத்துத் திருப்பத்தூரில் சர்க்காரின் சந்தனக் கிடங்கே இருக்கிறது. 2002-இல் தமிழக அரசு சட்டத்தைத் திருத்தும்வரை, ஒருவன் தன் பட்டா நிலத்தில் முளைத்த சந்தனமரத்தைத் தன்னுடையது என்று சொல்ல முடியாது. நிலம் அவனுடையது, நிழல் அவனுடையது, மரம் மட்டும் சர்க்காருடையது! மரம் களவு போனால் முதலில் விசாரிக்கப்படுபவனோ அவனே. இந்நிலையில் தன் கொல்லையில் சந்தனக் கன்று தலைகாட்டினால் உழவன் என்ன செய்வான்? தண்ணீர் ஊற்றுவானா, வேரோடு பிடுங்குவானா? பங்கு இல்லாதவனிடம் பாசத்தை எதிர்பார்த்தது சட்டம். மரம் மறைந்தது, கடத்தல்காரன் கொழுத்தான்.

சொந்த மலையில் சந்தனம் தீர்ந்தபின் அந்த மலையின் மக்கள் எங்கே போனார்கள்? தரகன் தரும் முன்பணத்தை வாங்கிக்கொண்டு, ஆந்திரத்துச் சேஷாசலக் காடுகளுக்குச் செம்மரம் வெட்டப் போனார்கள். 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 7 அன்று அந்தக் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். திருவண்ணாமலை, தருமபுரி முதலிய மாவட்டங்களின் ஏழைகள். ஜவ்வாது மலைப் பழங்குடியினரும் அவர்களுள் உண்டு. தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. அதை மறுத்தனர் மனித உரிமை இயக்கத்தார். நான் இங்கே கேட்பது ஒன்றே ஒன்று: மரத்தை வெட்டியவன் இறந்தான், மரத்தை வாங்கியவன் எங்கே? கோடரி பிடித்த கைக்குத் தோட்டா. கோடிகளை எண்ணிய கைக்கு?

அதற்கும் முன்னே, 1992-ஆம் ஆண்டு ஜூன் 20 அன்று, தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் நடந்தது என்ன? சந்தனம் தேடுகிறோம் என்று ஊருக்குள் நுழைந்தனர் வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும். வீடுகளை இடித்தனர், தானியத்தைப் பாழாக்கினர், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினர். செங்கொடி இயக்கத்தாரும் மலைவாழ் மக்கள் சங்கத்தாரும் அந்த வழக்கை விடாது நடத்தினர். குற்றஞ்சாட்டப்பட்ட அரசு ஊழியர் 269 பேர். வழக்கு முடியுமுன்பே 54 பேர் மாண்டனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 31 ஆண்டுகள், தோழர்களே! காட்டைக் காக்கிறோம் என்ற பெயரால் காட்டு மக்களை ஒடுக்கினால், காடும் மிஞ்சாது, அரசின் மானமும் மிஞ்சாது என்பதற்கு வாச்சாத்தியைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இனி, நமக்கு அருகிலேயே உள்ள வேறொரு சான்றுக்கு வருகிறேன்.

இருளர்களை நீங்கள் அறிவீர்கள். ஏரிக்கரைகளில், வயல் ஓரங்களில், புதர்க்காடுகளில் வாழ்ந்தவர்கள். பாம்பின் தடத்தை மண்ணில் படிக்க வல்லவர்கள். பாம்பைப் பிடித்துத் தோலுக்காக வணிகனிடம் விற்பதே அவர்களுள் பலருக்குப் பிழைப்பு. தோல் கடல் கடந்து சென்று சீமாட்டியின் கைப்பையாயிற்று. இருளனுக்குக் கிடைத்தது கஞ்சிக்கான காசு. பாம்புகள் அருகின; வயலில் எலிகள் பெருகின. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. சட்டம் நல்ல சட்டம். ஆனால் பாம்பைக் காத்த சட்டம், பாம்பை நம்பி வாழ்ந்தவனை நினைத்துப் பார்க்கவில்லை. ஒரே ஆணையில் அவன் தொழில் திருட்டாயிற்று.

அங்கே முடிந்திருக்க வேண்டிய கதை, முடியவில்லை. 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மாமல்லபுரம் சாலையில், வடநெம்மேலியில் இயங்குகிறது. 2019-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும்வரை அது நம் காஞ்சிபுரம் மாவட்டத்துச் சங்கமே. அவர்கள் செய்தது என்ன? நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் அனுமதி பெற்றுப் பிடிக்கிறார்கள். சில வாரங்கள் பானையில் வைத்துக் காத்து, நஞ்சை மட்டும் எடுக்கிறார்கள். பிறகு வயிற்றுச் செதிளில் ஓர் அடையாளமிட்டு, உயிரோடு காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சிலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து பிறக்கிறது. வரப்பில் கடிபட்ட உழவனின் உயிரைக் காக்கும் மருந்துக்கு மூலப்பொருள் இருளரின் கைத்திறம்! 2023-இல் அந்தச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

எண்ணிப் பாருங்கள். பாம்பும் பிழைத்தது, இருளனும் பிழைத்தான், ஊரும் பிழைத்தது. தராசுத் தட்டு எங்கே போயிற்று? ஒன்று ஏற மற்றொன்று இறங்கவில்லையே! மந்திரம் ஒன்றும் நிகழவில்லை. மூன்று காரியங்கள் நடந்தன. அவனுடைய அறிவுக்கு மதிப்பு கிடைத்தது. அவன் தொழிலுக்குச் சட்டப்படி உரிமை கிடைத்தது. விற்ற பணம் வணிகனிடம் போகாமல் அவனுடைய சங்கத்துக்கே வந்தது. அறிவு, உரிமை, சங்கம். இம்மூன்றும் சேர்ந்த இடத்தில் பகை நீங்கிற்று. அங்கும் குறை உண்டு. ஆண்டுதோறும் வனத்துறையின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். ஆணை தாமதித்தால் அடுப்பும் தாமதிக்கும். உரிமை முழுமை பெறும்வரை அந்தக் குறை தீராது.

அதே இருளர் குலத்தின் வேறொரு கதையையும் சொல்லாமல் விட்டால் நான் உண்மையை மறைத்தவனாவேன். 2019 ஜூலையில், காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம்வெட்டும் இடங்களிலிருந்து 42 கொத்தடிமைகளை அதிகாரிகள் மீட்டனர். இருளர்கள், குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். சிறு முன்பணத்துக்காக ஆண்டுக்கணக்கில் அடிமைப்பட்டவர்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்து கிடந்த படம் ஏடுகளில் வெளிவந்து நாட்டையே உலுக்கியது. நாள் கவனித்தீர்களா? அத்திவரதரைக் காண இந்த ஊரில் இலட்சோபலட்சம் பேர் திரண்டிருந்த அதே ஜூலை! கொத்தடிமை முறையை ஒழித்த சட்டம் 1976-ஆம் ஆண்டுச் சட்டம். 43 ஆண்டுகள் கழித்தும் நம் மாவட்டத்தில் அடிமை இருந்தான்.

ஒரே குலம், ஒரே வட்டாரம். சங்கமும் உரிமையும் கிடைத்தவர்கள் உயிர்காக்கும் மருந்துக்கு நஞ்சு தந்தார்கள். கிடைக்காதவர்கள் அடுத்தவனுக்காக மரம் வெட்டி அடிமையானார்கள். காட்டை அழிப்பது ஏழை என்று சொல்பவரிடம் இதைச் சொல்லுங்கள்: உரிமையற்ற ஏழையின் கையில் கோடரியைக் கொடுத்து அழிக்கச் செய்பவன் வேறொருவன்.

இது பாம்புக்குப் பொருந்தும், மரத்துக்குப் பொருந்துமா என்று ஐயுறுவோர் வங்காளத்தை நோக்குக. மேற்கு வங்க மாநிலத்து மேதினிப்பூர் மாவட்டத்தில் ஆராபாரி என்னும் இடம். அங்கே சால மரக்காடு வெட்டுண்டு புதராய்க் கிடந்தது. 1972 வாக்கில் அஜித் குமார் பானர்ஜி என்ற வன அதிகாரி, காவலரை ஏவுவதற்குப் பதிலாக ஊராரை அழைத்துப் பேசினார். 11 ஊர்கள், 618 குடும்பங்கள், 1,272 ஹெக்டேர் காடு. வெட்டாதீர்கள், மேய்க்காதீர்கள், காவல் நில்லுங்கள். காட்டு வேலையும் சிறு விளைபொருளும் உங்களுக்கு. மரம் வளர்ந்தபின் வரும் வருவாயில் 25 விழுக்காடும் உங்களுக்கு. இதுவே ஒப்பந்தம். கன்றுகூட நிறைய நடவேண்டியிருக்கவில்லை. வெட்டுண்ட அடிமரங்களே தழைத்தன. பட்ட காடு பச்சைக் காடாயிற்று. 1990 ஜூனில் மத்திய அரசு எல்லா மாநிலங்களும் மக்களைக் கூட்டுச் சேர்க்கவேண்டுமெனச் சுற்றறிக்கை விடுத்ததற்கு ஆராபாரி போன்ற முயற்சிகளே முன்னோடி.

தமிழ்நாட்டிலும் 1997 முதல் ஜப்பானியக் கடனுதவியோடு காடு வளர்ப்புத் திட்டம் நடந்தது. ஊர்தோறும் வனக்குழுக்கள் அமைந்தன. தடுப்பணைகள் கட்டினர், கன்றுகள் நட்டனர். நன்மை விளையவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் குழுவின் தலைவர் ஊரார். கணக்கும் கையொப்பமும் துறையிடம். திட்டத்தின் பணம் இருக்கும்வரை உயிரோடிருக்கும் குழு, பணம் தீர்ந்ததும் படுத்துவிடும். கூலி கொடுத்தால் வேலையாள் கிடைப்பான். உரிமை கொடுத்தால்தான் காவலன் கிடைப்பான்.

மரம் நட்டாலே காடாகிவிடும் என்ற மயக்கமும் நம்மிடையே உண்டு. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பரந்து கிடந்த புல்வெளிகளை வெற்று நிலம் என்று எண்ணினர் வெள்ளையர்; தைலமரத்தையும் சீகை மரத்தையும் கொண்டுவந்து நட்டனர். விடுதலைக்குப் பின்னரும் அது தொடர்ந்தது. புல்வெளி சுருங்கியது, தோதவரின் எருமைக்கு மேய்ச்சல் போயிற்று, சோலையைச் சுற்றி நீர்பிடித்து வைத்த பஞ்சு போன்ற மண்ணும் போயிற்று. மரம் பெருகியது, காடு குறைந்தது! இன்று அதே சீகையை அகற்றப் பாடுபடுகிறோம்.

உண்ணிச்செடியின் கதையும் அப்படியே. அழகுக்காக வெள்ளையர் கொணர்ந்த பூச்செடி, இன்று காட்டின் தரையையே மூடி, புல்லையும் கன்றையும் அமுக்குகிறது. கருநாடகத்துப் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோளகர்கள் கூறுவதென்ன? கோடையின் தொடக்கத்தில் சருகை மட்டும் மெல்லத் தீயிட்டு எரிப்பது எங்கள் முன்னோர் வழக்கம். அதைத் தடை செய்தீர்கள். உண்ணிச்செடி மண்டியது என்கிறார்கள். அறிவியலாரும் இன்று அந்தப் பேச்சுக்குச் செவிகொடுக்கிறார்கள். 2011-இல் அந்தச் சோளகர்களே, புலிகள் காப்பகத்துக்குள் சமூக வன உரிமை பெற்ற முதல் மக்களானார்கள்.

களையை அகற்றுவதிலேயே வேலை இருக்கிறது, கவனியுங்கள். கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கைவினைஞர்கள் உண்ணிச்செடித் தண்டுகளை வளைத்து ஆளுயரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் செய்தனர். அவை 2021-இல் இலண்டன் மாநகரின் பூங்காக்களில் நின்றன. முதுமலையில் பரவிய மஞ்சள் கொன்றை, தமிழ்நாடு காகித ஆலைக்குக் கூழாகப் போகிறது. தமிழக அரசு 2022-இல் இத்தகைய அயல் தாவரங்களை அகற்றக் கொள்கையே வகுத்தது. வெட்டும் கூலி ஒப்பந்தக்காரனுக்கா, காட்டு மக்களின் சங்கத்துக்கா என்பதே நம் கேள்வி.

உரிமை, உரிமை என்கிறாயே, சட்டம் உண்டா என்பீர்கள். உண்டு. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். வரலாற்று அநீதி நிகழ்ந்தது என்று நாடாளுமன்றமே தன் முகவுரையில் ஒப்புக்கொண்ட சட்டம். 2005 டிசம்பர் 13-க்கு முன்பே உழுதுவந்தவனுக்கு 4 ஹெக்டேர் வரை நில உரிமை. சிறு வன விளைபொருள்களுக்கு உடைமை. இவற்றினும் மேலாக, ஊரார் தங்கள் காட்டைக் காக்கவும் புதுப்பிக்கவும் நிருவகிக்கவும் உரிமை. அதைத் தீர்மானிக்கத் தொடங்குவது கிராமசபை. 2013-இல் ஒடிசாவின் நியாம்கிரி மலையை வேதாந்தா நிறுவனத்தின் சுரங்கத்துக்குத் தருவதா என்று உச்சநீதிமன்றம் கிராமசபைகளைக் கேட்கச் சொன்னபோது, 12 சபைகளும் முடியாது என்றன; மலை பிழைத்தது. காட்டைக் காத்தது காவல்நிலையமா? கிராமசபை!

தமிழ்நாட்டில் அச்சட்டம் நடந்த வேகத்தைக் கேளுங்கள். 2008-இல் உயர்நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணையால், நீதிமன்ற அனுமதியின்றி உரிமைப் பட்டா வழங்க இயலாத நிலை ஏற்பட்டது. 2016-இல் உச்சநீதிமன்றத்தில் அந்தத் தடை நீங்கியது. எட்டாண்டு! பிறகு 2019 பிப்ரவரி 13 அன்று, மனு தள்ளுபடியானோரை வெளியேற்றுக என்று உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. நாடெங்கும் எதிர்ப்பு எழ, அதே மாதம் 28-இல் அந்த ஆணையை நிறுத்தி வைத்தது. காட்டு மக்களின் தலைக்குமேல் கத்தி இன்னமும் தொங்குகிறது என்பதை மறவாதீர்.

இதற்கிடையே காடு வளர்க்கப் பணமும் திட்டமும் பெருகுகின்றன. 2022 செப்டம்பர் 24 அன்று வண்டலூரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 24 விழுக்காடாக இருக்கும் காட்டையும் மரப்பரப்பையும் பத்தாண்டுகளில் 33 விழுக்காடாக்குவது குறிக்கோள். வரவேற்கிறோம். காடழிப்புக்கு ஈடாகச் சேர்ந்த நிதியில் 47,000 கோடி ரூபாய்க்கு மேல் 2019-இல் மத்திய அரசு மாநிலங்களுக்குப் பிரித்தளித்தது. அதையும் மறுக்கவில்லை. ஆனால் 33 என்பது ஓர் எண். அந்த எண்ணை எட்ட, மலைமகனின் சாமைக் கொல்லையில் தேக்கை நட்டால் அது காடு வளர்ப்பாகுமா, குடி பெயர்ப்பாகுமா? 1988-ஆம் ஆண்டு தேசிய வனக் கொள்கை, காட்டின் விளைவில் முதல் உரிமை காட்டு மக்களின் தேவைக்கே என்று கூறுகிறது. ஏட்டில் இருப்பதை நாட்டில் கேட்கிறோம், அவ்வளவே.

மறுதரப்பார் எழுப்பும் வினாவையும் நேர்மையாக எதிர்கொள்வோம். பட்டா கொடுத்தால் பணக்காரன் வாங்கிக்கொள்ள மாட்டானா? வன உரிமை நிலத்தை விற்கவோ மாற்றவோ சட்டம் இடந்தரவில்லை. வாரிசுக்கு மட்டுமே செல்லும். மக்கள் தொகை பெருகிவிட்டதே, காடு தாங்குமா? சில இடங்களில் தாங்காதுதான். எவ்வளவு தேன், எவ்வளவு விறகு, எந்தப் பருவத்தில் ஓய்வு என்பதற்கு வரம்பு வேண்டும். அந்த வரம்பை ஊரார் கூடி வகுக்கட்டும். அறிவியல் துணை நிற்கட்டும். மீறினால் சபையே தண்டம் விதிக்கட்டும். உரிமையோடு கடமையையும் அந்தச் சட்டமே சேர்த்து வைத்திருக்கிறது.

நெசவாளத் தோழர்களே, உங்களுக்கு இதை நான் விளக்கவா வேண்டும்? தறி உன் வீட்டில். குழி உன் வீட்டில். காலும் கையும் உன்னுடையவை. பாவும் பட்டும் சரிகையும் முதலாளியுடையவை, சேலையும் அவனுடையது. உனக்குக் கூலி. காட்டிலும் இதே கணக்குத்தான். மரமேறியவன் ஒருவன், தேனை விற்றவன் ஒருவன். அந்தப் பிடியை உடைக்கத்தான் இந்த ஊரில் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. சங்கம் நன்றாக நடந்த காலத்தில் நெசவாளி நிமிர்ந்தான். சங்கம் நலிந்தபோது அவனும் நலிந்தான். உங்கள் போராட்டமும் மலைமக்களின் போராட்டமும் ஒன்றே.

கோர்வைச் சேலையை எடுத்துக்கொள்ளுங்கள். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். தனித்தனி நாடா, தனித்தனி ஊடை. இருவர் அமர்ந்து, இழைக்கு இழை கோத்து நெய்கிறார்கள். சேலை நைந்தாலும் கோர்வை பிரியாது என்பது உங்கள் பெருமை. ஒருவரே விரைந்து முடிக்கலாம் என்று இரண்டாமவரை எழுப்பி விட்டால், கோர்வை ஏது? காட்டு வளர்ப்பும் அப்படிப்பட்ட நெசவு. துறை ஒரு கை, மக்கள் ஒரு கை. ஒரு கையை வெட்டிவிட்டு நெய்யப் புகுந்ததால்தான் நூறாண்டுகளுக்கு மேலாக இழை அறுகிறது.

இனி நாம் செய்ய வேண்டியவை.

முதலாவது, மலைக்கும் காட்டோரத்துக்கும் செல்லும் தோழர்கள், கொடியோடு படிவத்தையும் கொண்டு செல்லுங்கள். தனி உரிமைக்கு ஒரு படிவம், சமூக உரிமைக்கு ஒன்று, சமூக வன வளத்துக்கு மற்றொன்று. முதலாவதை மட்டும் நிரப்பிவிட்டு வந்துவிடுகிறோம், மூன்றாவதே வேர். முதியோரின் வாக்குமூலமும் சான்றாகும் என்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

இரண்டாவது, மரம் நடும் விழா எங்கு நடந்தாலும் நான்கு கேள்விகள் கேளுங்கள். எந்த மரம்? யாருடைய நிலம்? கூலி யாருக்கு? விளைவு யாருக்கு?

மூன்றாவது, நம் வீட்டையும் கூட்டுவோம். பழங்குடியின் பெயரால் காட்டை வளைக்கும் பண்ணையாரும் விடுதிக்காரரும் எந்தக் கட்சித் துண்டு அணிந்திருந்தாலும், நம் துண்டே அணிந்திருந்தாலும், அவருக்குப் பரிந்து அலுவலகப் படியேற நம்மவர் எவரும் போகலாகாது. ஓட்டுக்காகக் காட்டை விற்பவன் தோழனல்லன்.

நான்காவது, ஊர்ச் சங்கமும் மலைச் சங்கமும் கைகோக்கட்டும். ஜவ்வாது மலையின் சாமையும் தேனும் புளியும் தரகனைத் தாண்டி, பழங்குடிக் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து நேரே காஞ்சியின் கூட்டுறவுப் பண்டகசாலைக்கு வர என்ன தடை? மலையின் தண்ணீரைக் குடிக்கும் நாம், மலையின் விளைவுக்கு நல்ல விலை கொடுப்பது கொடையன்று, கடன்.

தோழர்களே! அனைவரையும் வெளியேற்றிக் காடு வளர்ப்பது எளிது என்று எண்ணுகிறவர்கள், காவலுக்கு யாரை நிறுத்துவார்கள்? காட்டை அறியாத கூலிக் காவலனையா, காட்டிலே பிறந்த உரிமைக் காவலனையா? விடை நமக்குத் தெரியும். அதைக் கோட்டைக்குத் தெரிவிப்பதே நம் வேலை. காடு வளரட்டும், அதைக் காப்போர் கலயத்தில் கஞ்சியும் நிறையட்டும். ஒன்றை இழந்து மற்றொன்றைப் பெற இயலாது என்பதை இந்தக் காஞ்சியிலிருந்து உரக்கச் சொல்லுவோம்!